ஏறின கியர்ல எறங்கு

இலங்கையின் ஊவாவுக்குச் சக்கரம் வரும்வரை பிரேக் தேவைப்படவில்லை. உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில் மலையேறின. பாக்கும் மற்ற மலைச் சரக்கும் அதே முதுகில் இறங்கின. சரிவைப் பார்த்துக் காலை ஊன்ற மாட்டுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் கோப்பி நட்டு, அதை மூட்டை மூட்டையாகக் கொழும்புக்கு அனுப்ப வண்டிப் பாதை வெட்டிய பிறகுதான், பாரத்தை மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவது பெரிய பாடு என்று தெரிய வந்தது.

அந்தப் பாதைகளைப் பற்றிப் பேசினால் மேஜர் ரொஜர்ஸை விட முடியாது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்றுதான் ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து வீதிகளில் பலவற்றுக்குக் கோடு போட்டவரும் அவரே. 1845 ஜூனில் ஹப்புத்தளைக் கணவாயில் இடி விழுந்து செத்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. யானைக் கணக்குச் சொல்லும் வழிகாட்டிகள் வீதிக் கணக்கைச் சொல்வதில்லை. எனக்கு வீதிக் கணக்குத்தான் முக்கியம். அவர் போட்ட சரிவுகள்தான் எனக்குப் பிழைப்புத் தந்தன.

நான் பதுளையில் பிரேக் சூவுக்கு உரசுகிற பட்டையான லைனரை அடித்துக் காலம் கழித்தவன். அப்பா ஸ்பிரிங்வெலிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டினார். அவருடைய அப்பா மாட்டு வண்டிக்காரர். மூன்று தலைமுறையும் பார்த்த வேலை ஒன்றுதான்: இறங்கும் பாரத்தைப் பிடித்து வைப்பது.

தாத்தா காலத்து வண்டியில் பிரேக் என்றால் இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தில் உரசுகிற மாதிரி கட்டிய ஒரு மரக்கட்டை. கயிற்றை இழுத்தால் கட்டை அழுந்தும், புகையும், மழையில் வழுக்கும். இங்கிலாந்து மலைக் கிராமங்களிலும் இதே பாடுதான். டார்பிஷரில் ஹேர்பர்ட் ஃப்ரூட் என்ற மனிதர் குதிரை வண்டிக்காரர்களைக் கவனித்தார். இறக்கத்தில் மரக்கட்டை பிடிக்காது என்பதால் பழைய சப்பாத்துத் தோலை அதன்மேல் அடித்து வைத்திருந்தார்களாம். அதைப் பார்த்துத்தான் அவர் துணியில் பிசின் ஏற்றிப் பிரேக் கட்டை செய்ய ஆரம்பித்தார். ஆண்டு 1897. துணி வெப்பத்தில் கருகியது; பின்னர் கல்நார் நாருக்கு மாறினார். அவருடைய பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் ‘இ’யையும் சேர்த்து வைத்த பெயர்தான் ஃபெரோடோ. பதுளையில் எத்தனையோ லைனர் பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். உலகத்துப் பிரேக் வியாபாரம் ரேஸ் திடலில் பிறக்கவில்லை, மலை இறக்கத்தில் மாட்டிய வண்டிக்காரனின் கிழிந்த சப்பாத்தில் பிறந்தது.

ரயில் வந்தபோது அதுவும் இதே கணக்கைத்தான் போட்டது. தண்டவாளம் 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. பட்டிப்பொலவில் 6,200 அடிக்கு மேல் ஏறி நிற்கும் ரயில், பதுளைக்கு வரும்போது ஏறத்தாழ 4,000 அடி இறங்கியிருக்கிறது. சரிவு 44 அடிக்கு ஓரடியைத் தாண்டக் கூடாது என்பது பொறியியலாளரின் கட்டு. அதனால்தான் தெமோதரையில் பாதையைச் சுற்றி வளைத்து, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் விட்டு இறக்கினார்கள். தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று கதை இருக்கிறது. மெய்யோ பொய்யோ, அதில் நம் ஆள் ஒருவர் இருப்பதால் எனக்குப் பிடிக்கும். என் தொழில் கண்ணுக்குத் தெமோதரை வளைவு ஒரு பெரிய பிரேக். சரிவைக் குறைத்தவன் பிரேக்குக்குப் போகிற வேலையில் பாதியைக் குறைத்துவிட்டான். வீதிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முழுதாக நின்றால், பிரேக் வாங்குகிற வெப்பம் ஏறக்குறைய 386 கிலோஜூல். எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,040 மீற்றர் உயரம். வெல்லவாய 200 மீற்றருக்கும் கீழே. முப்பது கிலோமீற்றருக்குள் அந்தக் கார் 850 மீற்றர் அளவு இறங்கும்போது விடுபடுகிற சக்தி 8,000 கிலோஜூலைத் தாண்டும். நூறில் வந்து இருபது தடவைக்கு மேல் சடுதியாக நிறுத்தியதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், அல்லது பிரேக் வாங்க வேண்டும். மூன்றாவதாக வாங்க ஆள் இல்லை. பத்துத் தொன் பஸ் என்றால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் விடை தெரியும். “ஏறின கியர்ல எறங்குடா” என்பார். இரண்டாவது கியரில் ஏறிய மேட்டை இரண்டாவதிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கிறவனை அவர் லொறிக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார். கிளீனர் பையனின் காலடியில் எப்போதும் ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டை ஒன்று கிடக்கும், அதில் ஒரு கயிறு. லொறி நின்றதும் பையன் குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகுவான். கிளம்பும்போது கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்து தொற்றிக்கொள்வான். தோட்டத்து லொறியில் ஹேண்ட் பிரேக் வேலை செய்வதே அதிசயம், அந்தக் கட்டைதான் ஹேண்ட் பிரேக்.

1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. பதுளையிலிருந்து தோட்டங்களுக்கு வண்டிகள் பெருக, லைனர் அடிக்கிற வேலையும் பெருகியது. பழைய லைனரின் ரிவிட்டைத் துளைத்து எடுப்போம். சூவின் முதுகைக் கம்பித் தூரிகையால் தேய்ப்போம். அங்கே ஒரு மண் துணுக்கு மிஞ்சினாலும் புது லைனர் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு வெடிக்கும். ரிவிட் அடிப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் உப்பி நிற்கும், தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். சரியாக உட்கார்ந்த லைனரின் சத்தம் தனி. டிரம்மில் வரி விழுந்திருந்தால் கடைசல் பிடிக்காமல் சூவை ஏற்றக் கூடாது. அந்தக் காலத்து லைனரெல்லாம் கல்நார். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவதுதான் வழக்கம், முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டமாட்டோம். அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும் என்பது எங்களுக்குத் தெரிய வருவதற்கு வெகுகாலம் முன்பே கைத்தொழில் நாடுகளின் வைத்தியர்களுக்குத் தெரியும். பட்டறைவரைக்கும் வந்து எங்களிடம் சொன்னவர் எவருமில்லை.

1982இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கிய பின் பஸ்ஸோடு சேர்ந்து சென்னைச் சரக்கும் வந்தது. பாடியில் 1974இல் ஆரம்பித்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் போன்றவர்களின் லைனரைக் கையில் எடுத்தபோதுதான், பெட்டியில் தமிழ் ஊரின் பெயரோடு வருகிற பாகத்தை நான் முதலில் பார்த்தேன். அற்பச் சந்தோசம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இனி ரேஸ். மலையகத்தில் மோட்டார் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவில் மஹாகஸ்தொட்டை தேயிலைத் தோட்டத்து வீதியில் 1934இலிருந்து மலையேற்றப் போட்டி நடக்கிறது. துரைமார் தொடங்கி வைத்த விளையாட்டு. கவனியுங்கள், மேலே ஏறத்தான் போட்டி வைத்தார்கள். இறங்குவதற்குப் போட்டி வைக்க எந்தத் துரைக்கும் துணிவில்லை. ஏறும்போது மலையே பிரேக் பிடிக்கும். சின்ன டிரம்மோடு வந்த கார்களும் அதனால் தப்பின. தட்டுப் பிரேக் உலகத்துக்குப் பெயர் சொல்லும்படி தெரிந்ததே 1953இல், அதைப் பூட்டிய ஜகுவார் கார் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோதுதான்.

ஊவாவுக்கென்று ஒரு பந்தயம் 1993இல் வந்தது: தியத்தலாவையில் இராணுவம் நடத்துகிற ஃபொக்ஸ் ஹில். 1900இல் போயர் யுத்தக் கைதிகளை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்த ஊர் அது. மலைச் சரிவில் வெள்ளைக் கற்களால் நரி உருவம் அமைத்தவர்கள் ஃபொக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள். அதனால் அந்தப் பெயர். தடம் மண் தடம். அதற்குப் பிறகுதான் பதுளை, பண்டாரவளைப் பையன்களுக்கு ரேஸ் பைத்தியம் பிடித்தது. கிழமை நாளில் வேலைக்குப் போகிற அதே காரை, லீவு நாளில் தடத்துக்கும் கொண்டுபோகிற பழக்கம் வந்தது. சிலர் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை விமான ஓடுதளம்வரைக்கும் இறங்கிப் போனார்கள். என்னிடம் வந்து, “அண்ணே, ரேஸ் பேட் ஒரு செட் போட்டுத் தாங்க” என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “தடத்துக்குக் காரை எதுல கொண்டு போறீங்க?” ட்ரக்கில் ஏற்றிப் போகிறவனுக்கு ஒரு பதில். ஹல்துமுல்லை வழியாக ஓட்டிப் போய், இரவில் ஓட்டித் திரும்புகிறவனுக்கு வேறு பதில்.

காரணம் இருக்கிறது. தட்டுப் பிரேக்கில் தட்டைக் கவ்விப் பிடிப்பது பேட். முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். பண்டாரவளையில் விடியற்காலைக் குளிரில் வெளியே எடுத்தால், முதல் சந்தியில் மிதிக்கும்போது கட்டையை மிதித்த மாதிரி இருக்கும், கார் நிற்காது. தட்டையும் அரித்துத் தின்னும், கீச்சிட்டு ஊரைக் கூட்டும். சாதாரண வீதிப் பேட் குளிரில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 350 பாகையைத் தாண்டினால் உள்ளிருக்கிற பிசின் வாயுவாகி, பேட்டுக்கும் தட்டுக்கும் நடுவே படலமாய் நின்று பிடியைக் கெடுக்கும். பேட்டின் முதுகிலோ ஓரத்திலோ அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். முதலாவது குளிர்ந்த நிலையின் பிடி, இரண்டாவது சூட்டின் பிடி. ‘இ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ அதற்கும் மேலே 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்குகிற பேட்டை மலையில் பூட்டாதீர்கள். விலை மலிவு என்று கடைக்காரர் நீட்டுவது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று, பேட்டைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது: பிரேக் ஒயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு விதி 155 பாகையோடு நின்றுவிடுகிறது. மழையும் மூடுபனியுமான ஊரில் இது வேகமாக நடக்கும். அறிகுறியைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். பெடல் கல்லாக நிற்கிறது, கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சாகி உள்ளே போகிறது என்றால் ஒயில் கொதித்துவிட்டது. முதலாவதில் நேரம் கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவதில் ஒரே வழி, கியரைக் குறைத்து மண் கரையைத் தேடுவது.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் தடத்தைவிட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமி. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 15 பேர் போனார்கள். யார் மேல் தவறு என்று தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் இரண்டும் நடந்தது எங்கள் மாவட்டத்தில்.

ஆகவே வீதியிலும் தடத்திலும் ஒரே காரை ஓட்டுகிறவர்களுக்கு என் புத்திமதி இது. மண் தடத்துக்கு ரேஸ் பேட் வேண்டவே வேண்டாம். டயரே முதலில் வழுக்கிவிடும், பேட் சூடாக வழியில்லை. அங்கே எதிரி சூடல்ல, கலிப்பரில் அப்புகிற களிமண். வீட்டுக்குத் திரும்பும் முன் கழுவுங்கள். தார்த் தடத்துக்குப் போகிறவர், குளிரிலும் பிடிக்கிற, சூட்டில் எழுத்து இறங்காத நடுத்தரப் பேட்டை முன் சக்கரத்துக்குப் போட்டு, புது டொட் 4 ஒயில் ஊற்றி, காற்று எடுத்து, வெறும் வீதியில் மெல்ல மெல்ல மிதித்துப் பேட்டைப் படியவிட்டுப் போகட்டும். தடத்தில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி ஆறவிடுங்கள், நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். முழு ரேஸ் பேட்டுத்தான் வேண்டுமென்றால் அதைப் பையில் கொண்டு போங்கள். தடத்தில் மாற்றுங்கள், திரும்பும் முன் வீதிப் பேட்டைப் பூட்டுங்கள். அரை மணித்தியால வேலை. பெரகலையில் ஹல்துமுல்லைப் பக்கம் இறங்க ஆரம்பிக்கும் முன் இரண்டாவது கியரையோ மூன்றாவதையோ போட்டுவிடுங்கள். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவன் அடித்துக்கொண்டிருக்கட்டும்.