சி.டி.க்குப் பச்சை மை பூசிய காலம்

போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய சி.டி. கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திண்டுக்கல் போய் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் மங்கிய பாட்டு நிஜமாகவே தெளியும். ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கினால் இரைச்சலும் குறையும். 1982-இல் சி.டி. விற்பனைக்கு வந்த பிறகும் உலகெங்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. 1990 வாக்கில் மேல்நாட்டு ரசிகர்கள் சி.டி.யின் விளிம்பில் பச்சை மை பூசினார்கள். சிலர் ஃப்ரீசரில் வைத்தார்கள். காந்தம் நீக்கும் கருவிகூட விலைக்கு வந்தது. உள்ளே இருப்பது அலுமினியப் பூச்சு, அதில் ஏது காந்தம்? படிக்கும் லேசரோ அகச்சிவப்பு. பச்சை மை அதை என்ன செய்துவிடும்? இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றைச் சரியாகப் படித்துவிட்டால் அதே பாட்டுதான். சிறு கீறலில் விட்டுப்போனதை ப்ளேயரே கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

தாண்டித் தாண்டிப் பாடினால் மட்டும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாக வேண்டாம்.

கம்ப்யூட்டரில் பதிந்த கல்யாண சி.டி. என்றால் கதை வேறு. அதில் பதிவைத் தாங்குவது சாயம். வெயிலிலும் சூட்டிலும் மங்கும். இந்தக் கோடைக்குள் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.