நடுத்தர ஜோடி: ஏற்றுவதா, பின்தொடர்வதா?

போக்கர் என்ற சீட்டாட்டம் நம் பிள்ளைச்சாவடிப் பக்கம் செல்போன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன் இங்கே தெரிந்தவை ரம்மி, மூணு சீட்டு, பிள்ளைகள் ஆடும் கழுதை. டவுனில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள் 32 சீட்டு வைத்து பெலோத் ஆடுவார்கள். ஆனால் போக்கரின் வேரும் பிரெஞ்சுக்காரர்களிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு சின்னக் கணக்கு, நம் நாட்டு நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விவாதித்த கேள்வியோடு நேராகச் சம்பந்தப்பட்டது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இஸ்பேட் என்று நாம் சொல்வதில் வாள் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல் ஒளிந்திருக்கிறது. கிளாவரிலும் ஆட்டினிலும் டச்சுச் சொற்களின் சாயல் உண்டு. டச்சுக்காரர்கள் புதுச்சேரியை 1693 முதல் 1699 வரை வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் நூறு ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். சீட்டில் உள்ள நான்கு உருவங்களோ பிரெஞ்சுக்காரர்கள் 15-ஆம் நூற்றாண்டில் அமைத்தவை. பிரான்சில் புரட்சி நடந்தபோது, 1793 வாக்கில், சீட்டில் இருந்த ராஜா ராணிகளையும் நீக்கிவிட்டு வேறு உருவங்களை அச்சிட்டார்கள். கொஞ்ச காலத்தில் ராஜா திரும்பி வந்துவிட்டார்.

பிரான்சில் 'போக்' என்றொரு ஆட்டம் இருந்தது. அமெரிக்காவின் லூயிசியானா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி. நெப்போலியன் அதை 1803-ல் அமெரிக்காவுக்கு விற்றார். அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஆடப்பட்ட 'போக்' ஆட்டம்தான் பெயர் மாறிப் போக்கர் ஆயிற்று என்பது பலர் ஏற்கும் கருத்து. தொடக்கத்தில் 20 சீட்டுதான். மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் ஏறி அது நாடு முழுவதும் பரவியது. பிறகு 52 சீட்டானது.

இன்று அதிகம் ஆடப்படும் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் விழும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்ட வேண்டும். உங்கள் முறை வரும்போது மூன்று வழிகள். பிரெஞ்சில் இவற்றுக்கு நல்ல பெயர்கள். 'ரெலான்சே' என்றால் தொகையை ஏற்றுவது. 'சுய்வ்ர்' என்றால் பின்தொடர்வது, அதாவது எதிராளி கட்டியதை மட்டும் கட்டுவது. 'ஸ கூஷே' என்றால் படுத்துக்கொள்வது, அதாவது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது. இங்கிலீஷில் ரெய்ஸ், கால், ஃபோல்டு.

கையில் உள்ள இரண்டு சீட்டும் ஜோடியாக வருவது 17 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஆஸ் ஜோடி வந்தால் யோசனையே வேண்டாம், ஏற்ற வேண்டியதுதான். சிக்கல் நடுத்தர ஜோடியில்: ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. இப்போதைக்குக் கை நல்ல கை. ஆனால் நிலைக்குமா என்று தெரியாது. எட்டு ஜோடி வைத்திருந்தால், முதல் மூன்று பொதுச் சீட்டில் எட்டைவிடப் பெரியது ஒன்றாவது விழ 100-க்கு 87 வாய்ப்பு. பத்து ஜோடி என்றால் 70. மூன்றாவது எட்டு அந்த மூன்று சீட்டில் வந்து கை பலப்படுவதோ 100-க்கு 12-தான். அதாவது 17-க்கு இரண்டு முறை.

உங்களுக்கு முன் யாரும் பணம் கட்டவில்லை, நீங்களோ கடைசியில் பேசும் ஆள் என்றால் ஏற்றுவதே சரி. வெல்ல இரண்டு வழி கிடைக்கிறது: எல்லோரும் விலகிவிடலாம், அல்லது உங்கள் ஜோடியே பெரிதாக நிற்கலாம். ஏற்றாமல் விட்டால் ராஜா, ராணி வைத்திருப்பவருக்கு மலிவு விலையில் பொதுச் சீட்டைப் பார்க்க இடம் கொடுத்ததாகும்.

முதலில் பேசும் இடத்தில் உட்கார்ந்த ஒருவர் ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இத்தனை பேர் இருக்கத் துணிந்து ஏற்றுகிறவர் கையில் ஏதோ இருக்கும். அவர் மேல் நீங்கள் மறுபடி ஏற்றினால் விலகுகிறவை உங்களைவிட மோசமான கைகள். நிற்பவை உங்களைவிடப் பெரிய ஜோடிகள். வேண்டாதவரைப் பந்தியில் நிறுத்தி, வேண்டியவரை அனுப்பியது போல ஆகிவிடும். ஆகவே பின்தொடர்வது நல்லது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு.

அவர் 30 ரூபாய் கட்டியிருக்கிறார். மூன்றாவது எட்டு வராவிட்டால் விலகிவிடுவது உங்கள் திட்டம். 17 முறையில் 15 முறை 30 ரூபாய் போகும், மொத்தம் 450. மீதி இரண்டு முறையில் இதை மீட்க வேண்டும். எதிராளியிடம் மொத்தமே 200 ரூபாய்தான் என்றால், இரண்டு முறையும் முழுதாக வென்றாலும் 400-தான் வரும். நஷ்டம். அவரிடமும் உங்களிடமும் ஆயிரம் ரூபாய் இருந்தால் பின்தொடரலாம். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள், கட்டும் தொகையைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு எதிரே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கட்டுகிறார்கள்.

இப்படிக் கணக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தாம். 1654-ல் பஸ்கால் என்ற மேதையும் ஃபெர்மா என்ற நீதித்துறை அதிகாரியும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு கட்டி ஆடுகிறார்கள்; மூன்று ஆட்டம் முதலில் வெல்பவருக்கு எல்லாம். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிட்டால் பணத்தை எப்படிப் பங்கிடுவது? பஸ்கால் சொன்ன விடை 48-க்கு 16. அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் முன்னவருக்கு 32 நிச்சயம். மீதி 32 யாருக்கு என்பது சரிபாதி வாய்ப்பு, ஆகவே அதில் பாதி. அவ்வளவுதான். இன்றைய இன்ஷூரன்ஸ் கணக்கும் இந்தக் கடிதங்களில் தொடங்கிய கணிதத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் ஊரில் நெடுங்காலம் செல்லுபடியான பிரெஞ்சு சிவில் கோடின் 1965-ஆம் பிரிவு, சூதாட்டக் கடனுக்காக யாரும் வழக்குப் போட முடியாது என்கிறது. குதிரைப் பந்தயம், ஓட்டம் போன்ற உடல்திறன் ஆட்டங்களுக்கு அடுத்த பிரிவு விலக்கு தருகிறது. அதற்கும் அடுத்தது, தோற்றவர் தாமாகக் கொடுத்த பணத்தை, மோசடி நடக்காத வரை, திரும்பக் கேட்க முடியாது என்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1872 ஒப்பந்தச் சட்டமும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றே சொன்னது.

குற்றமா இல்லையா என்பதற்கு இந்திய நீதிமன்றங்கள் வைத்த அளவுகோல் வேறு: திறமையா, அதிர்ஷ்டமா? உச்ச நீதிமன்றம் சத்யநாராயணா வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதும் தேவைப்படுவதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டு அப்படியல்ல என்றது. போக்கரில் கருத்து பிரிந்தது. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்றது.

நடுத்தர ஜோடியின் கணக்கைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், போக்கரில் திறமை உண்டு என்று. எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமை எப்போது வெளிப்படும்? ஜோடி வருவதே 17-க்கு ஒன்று. அதில் மூன்றாவது சீட்டு சேருவது 17-க்கு இரண்டு. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினால்தான் கணக்கு கைகொடுக்கும். அதற்குள் மாதச் சம்பளக்காரரின் பணம் தீர்ந்துவிடும். போதாததற்கு, ஆட்டம் நடத்தும் கம்பெனி ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சம திறமையுள்ள இருவர் விடிய விடிய ஆடினால், இருவரும் தோற்று, மேஜைக்காரர் ஜெயிப்பார். ஆகவே திறமை ஆட்டம் என்ற தீர்ப்பை வீட்டைக் காக்கும் வேலியாக நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவர்கள் ஆடியதும் உச்ச நீதிமன்றம் திறமை என்று சொன்ன ஆட்டத்தைத்தான்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்தப் பழைய கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது. ஆன்லைனில் பணம் கட்டி, பணம் வெல்லும் நோக்கத்தோடு ஆடுவதானால், திறமையோ அதிர்ஷ்டமோ, இரண்டையும் நடத்தத் தடை. தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும், ஆடுகிறவருக்கு அல்ல. இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். போதை முன்னால், வைத்தியம் பின்னால்! பேரப்பிள்ளைகள் போக்கரைப் பற்றிக் கேட்டால் வெறுமனே திட்டி அனுப்பாதீர்கள். புளியங்கொட்டையை வைத்து மேலே சொன்ன 30 ரூபாய்க் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இந்த நிமிஷம் எழுந்துவிட்டால் என் பங்கு எவ்வளவு என்ற பஸ்காலின் கேள்வியையும் சொல்லிக் கொடுங்கள். அது சீட்டுக்கு மட்டுமல்ல, சீட்டுக் கம்பெனிக்கும், பங்குச் சந்தைக்கும், இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்பவருக்கும் பொருந்தும்.