சங்கப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்



நம் வளாகத்தில் ஒருவர் காலமானால் என்ன நடக்கிறது? வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் வரிசையாக வரும். மறுநாள் அதே குழுவில் தண்ணீர் லாரி பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அடுத்த மாதம் பராமரிப்புக் கட்டண ரசீதில் பெயர் மாறும். அதோடு சரி. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இறந்தவர்களையும் தன் உறுப்பினராகவே கருதும் சங்கங்களும் உலகில் உண்டு. ஹவாய்த் தீவுகளில் வாழும் ஒக்கினாவா மக்களைப் பற்றிப் படித்தபோது அதைத் தெரிந்துகொண்டேன்.

ஒக்கினாவா ஜப்பானின் தென்கோடித் தீவுக்கூட்டம். ரியூக்யூ என்ற பெயரில் தனி மன்னர் ஆண்ட நாடு அது. 1879இல் ஜப்பான் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிழைக்க வழியின்றித் தவித்த மக்களை வெளிநாட்டுக்கு அனுப்ப டோயாமா கியூசோ என்பவர் முயன்றார். அவர் முயற்சியால் 1900 ஜனவரி 8 அன்று 26 ஆண்கள் ஹொனலுலுவில் வந்து இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்தில் கடும் உழைப்பு. அங்கிருந்த மற்ற ஜப்பானியர்களோ இவர்களுடைய மொழியையும் பழக்கவழக்கங்களையும் ஏளனம் செய்தார்கள்.

எனவே ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி ஊர்ச் சங்கங்கள் அமைத்தார்கள். பணமுடைக்கு நம் சீட்டு போலவே ஒரு ஏற்பாடு இருந்தது. அதைத் தனோமோஷி என்பார்கள், ஒக்கினாவாவில் மோஆய். சாவு வீட்டுக்குப் பணம் வைத்த உறையோடு போவார்கள். அதற்குக் கோடென் என்று பெயர். யார் எவ்வளவு தந்தார் என்பதை, நம் மொய் நோட்டு போல, எழுதி வைத்து, அவர்கள் வீட்டில் துக்கம் நேரும்போது திருப்பிச் செய்வார்கள். தாய் தகப்பன் அருகில் இல்லாத ஊரில் சங்கம்தான் சொந்தமாக நின்றது.

இறந்தவர்களை நினைப்பது ஒக்கினாவாவில் ஒரு நாள் சடங்கல்ல. வீட்டில் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளை வைத்து வணங்குவார்கள். ஏப்ரல் மாத வாக்கில் ஷீமி என்ற நாளில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, படையல் வைத்து, அங்கேயே அமர்ந்து சாப்பிடுவார்கள். 33ஆம் ஆண்டு நினைவுச் சடங்கோடுதான் ஒருவருக்கான வரிசை முடிகிறது. அதன்பின் அவர் குலத்தின் முன்னோர்களோடு சேர்ந்துவிடுகிறார்.

1945இல் ஒக்கினாவாவில் நடந்த போர், பெயர் சொல்லி அழக்கூட ஆளில்லாமல் பல குடும்பங்களை அழித்தது. ஹவாயில் இருந்தவர்கள் உறவினர்களை இழந்தார்கள். ஆனாலும் உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற நிதி திரட்டினார்கள். 1948இல் 550 பன்றிகளை வாங்கி, ஏழு பேர் கூடவே கப்பலில் போய் ஒக்கினாவாவில் சேர்த்தார்கள். பன்றி வளர்ப்பு அந்த மக்களின் உயிர்நாடி. 1951இல் ஊர்ச் சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. 1990இல் அதற்குச் சொந்தப் பண்பாட்டு மையமும் திறக்கப்பட்டது.

ஒக்கினாவாவின் மபுனியில் 1995இல் திறந்த அமைதி நினைவிடத்தில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஒக்கினாவா மக்கள், ஜப்பான் வீரர், அமெரிக்க வீரர் என்ற பாகுபாடு இல்லை. விடுபட்ட பெயர்கள் தெரியவந்தால் இப்போதும் சேர்க்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பெயரைத் தேடி எழுதும் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

நமக்குக் கல்வெட்டு வேண்டாம். ஒரு நோட்டு போதும். இங்கே குடியிருந்து மறைந்தவரின் பெயர், எந்த ஆண்டு வந்தார், வளாகத்துக்கு என்ன செய்தார் என்று நான்கு வரி. ஆழ்துளைக் கிணறு அனுமதிக்காக அலைந்தவரையும், வாசல் வேப்பங்கன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவரையும் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் அவர்களும் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.

அடுத்த பொதுக்குழுவில் இதை வேண்டுகோளாக வைக்கிறேன். உங்கள் வீட்டில் மறைந்தவர்களைப் பற்றிய நான்கு வரிகளை அன்று எழுதிக்கொண்டு வாருங்கள். வாடகைக்கு இருந்தவர்களையும் விட்டுவிட வேண்டாம்.