ஓவியத்தில் கண்ட உதுமானிய வீதி

உதுமானியப் பேரரசு என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது என்ன? பெரும் தலைப்பாகை, நீண்ட அங்கி, ஹுக்கா புகைத்தபடி சாய்ந்திருக்கும் சோம்பல் மனிதர். இக்காட்சியை நமக்கு முன்னோர் சொல்லித் தரவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரின் நீர்வண்ண ஓவியங்களே புத்தக அட்டைகள் வழியே நம் இல்லங்களுக்குள் கொண்டுவந்தன.

அவற்றுள் அனைத்தும் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. மால்டாவில் பிறந்த அமடியோ பிரெஸியோஸி 1842இல் இஸ்தான்பூல் வந்து, 1882இல் இறக்கும்வரை 40 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர். கடைத்தெருவையும் தெரு வியாபாரிகளையும் நேரில் கண்டே வரைந்தார். 1854இல் அவர் தீட்டிய காபிக்கடை ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆனால் அவற்றை விலைகொடுத்து வாங்கியோர் யார் என்பதைச் சற்றே சிந்தியுங்கள்! பெரும்பாலும் ஐரோப்பியப் பயணிகளே. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829லேயே அரசு அலுவலர்களுக்குத் தலைப்பாகையை விலக்கி, நாம் துருக்கித் தொப்பி என்றழைக்கும் ஃபெஸ்ஸைக் கட்டாயமாக்கிவிட்டார். 1851இல் நீராவிப் படகு நிறுவனம், 1855இல் தந்தி, 1871இல் குதிரை டிராம் என அந்நகரம் மாறிக்கொண்டிருந்தது. பயணிகளோ பழைய உடைகளையே நினைவுப் பொருளாக விரும்பினர். வாங்குவோரின் விருப்பமே வரலாறாக நிலைத்துவிட்டது.

வீதியையாவது ஓவியர் கண்டார். வீட்டின் உட்புறம்? ஜான் ஃபிரெடரிக் லூயிஸ் என்ற ஆங்கிலேயர், உதுமானிய ஆட்சிக்குட்பட்ட கெய்ரோவில் 10 ஆண்டுகள் வசித்து 1851இல் தாயகம் திரும்பினார். அந்நிய ஆடவர் நுழையவியலாத அந்தப்புரங்களை, 1876இல் இறக்கும்வரை இங்கிலாந்தில் அமர்ந்தே வரைந்தார். கெய்ரோ முஸ்லிம் பெண்மணி என்று உலகம் கண்டு வியந்த முகம், அவற்றுள் பலவற்றில் அவருடைய மனைவி மரியனின் முகமே.