பாலே நடனத்தின் நிலைகளும் பெயர்களும்

ஆடற்கலை ஆசிரியரிடமிருந்து மாணவர்க்குக் கண்வழியாகவும் செவிவழியாகவும் வருவது. அது நாடு கடந்து பரவுங்கால் சொல்லும் பொருளும் எப்பொழுதும் ஒருங்கே செல்வதில்லை. சொல் மாறாது நிற்பப் பொருள் வேறாதலும், பொருள் மாறாது நிற்பச் சொல் வேறாதலும் உண்டு. ஐரோப்பிய பாலே நடனத்தின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இத்தாலிய அரசவைகளிற் பிறந்த இந்நடனம் பதினாறாம் நூற்றாண்டிற் பிரான்சை அடைந்து, அந்நாட்டு மன்னரின் ஆதரவில் வளர்ந்தது. தாமே சிறந்த ஆடல்வல்லவராகிய பதினான்காம் லூயி மன்னர் 1661ஆம் ஆண்டிற் பதின்மூன்று ஆசிரியர்களைக் கொண்ட அரச நடனக் கழகமொன்றைப் பாரிசில் நிறுவினார். மன்னருக்கு நடனம் பயிற்றிய பியர் போஷாம் என்பவரே பாதங்களின் ஐந்து நிலைகளை வகுத்தவர் எனப்படுகின்றார்.

இவ்வைந்து நிலைகளுக்கும் அடிப்படை, தொடைகள் இடுப்பிலிருந்து புறநோக்கித் திரும்பியிருத்தலாகும். முதலாம் நிலையிற் குதிகள் ஒன்றையொன்று தொடும். இரண்டாம் நிலையில் அவை அதே நேர்க்கோட்டில் விலகி நிற்கும். மூன்றாம் நிலையில் ஒரு பாதத்தின் குதி மற்றைப் பாதத்தின் நடுவிற் பொருந்தும். நான்காம் நிலையில் ஒரு பாதம் மற்றதன் முன்னே இடைவெளிவிட்டு நிற்கும். ஐந்தாம் நிலையில் ஒன்றன் குதி மற்றதன் விரல்களைச் சாரப் பாதங்கள் இரண்டும் நெருங்கி அடைவுறும். எவ்வகை அடியும் இவற்றுள் ஒன்றிற்றொடங்கி ஒன்றில் முடிதல் வேண்டும் என்பது விதி.

இவ்விதியை ஆக்கியவர் அதன் பயனை முழுதும் பெற்றாரல்லர். 1700ஆம் ஆண்டில் ராவுல் பெயே என்பவர் நடன அடிகளைக் குறியீடுகளால் எழுதும் முறையை நூலாக வெளியிட்டார். அம்முறை தமக்கே உரியதென 1704இற் போஷாம் அரச மன்றில் முறையிட்டார். ஆயினும் வெளியிடும் உரிமை பெயேயிடமே நின்றது. 1725இல் நூல் எழுதிய பியர் ராமோ ஐந்து நிலைகளின் ஆக்கத்தைப் போஷாமுக்கே உரித்தாக்கினார். எழுதாது பயிற்றிய ஆசிரியரின் புகழ் பிறர் எழுத்தினாலேயே நிலைபெற்றது.

பிரான்சின் நடன ஆசிரியர்கள் பிறநாட்டு அரசவைகளுக்கு அழைக்கப்பட்டபோது பிரெஞ்சுச் சொற்களும் அவர்களுடன் சென்றன. 1738இற் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க்கிற் பள்ளி தொடங்கிய லாந்தே ஒரு பிரெஞ்சுக்காரர். 1847இல் ஆங்கு வந்த பெத்திப்பாவும் அவ்வாறே. எனவே, முழங்கால் மடித்தலுக்குப் 'பிளியே' என்பதும், பூனைபோற் பாய்தலுக்குப் 'பா த ஷா' என்பதும் எங்கும் பொதுவாயின. இத்தாலியரும் வாளாவிருந்திலர். 1837இல் மிலான் பள்ளியின் தலைமை ஏற்ற கார்லோ பிளாசிஸ், ஜியாம்பொலோனா என்னும் சிற்பி வடித்த மேர்க்குரி தேவனின் சிலையை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு காலைப் பின்னே மடித்துயர்த்தும் 'அத்தித்யூட்' நிலையை விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டிற் பயிற்சி முறைகள் தனித்தனிப் பெயர்பெற்றன. 1850இற் பிறந்த இத்தாலியராகிய என்றிக்கோ செக்கெட்டி, இரசியாவில் ஆடியும் பயிற்றியும் புகழ்பெற்றபின் இலண்டனிற் பள்ளி நடத்தினார். அவர் முறை அழியாதிருத்தற்பொருட்டுச் சிரில் போமண்டும் இட்சிக்கோவ்ஸ்கியும் 1922இல் அதனை நூலாக்கினர். அக்ரிப்பினா வாகனோவா தமது நூலை 1934இல் லெனின்கிராட்டில் வெளியிட்டார். புரட்சியின் பின் பாலே அரசவையின் எச்சம் எனப் பழிக்கப்பட்டிருந்த நாட்டில், அதனை ஒழுங்குற்ற கல்வியாக நிலைநாட்டியமை அவரது பெருந்தொண்டாகும். இலண்டனில் 1920இற் றோன்றிய, பின்னர் அரச பட்டயம் பெற்ற கழகமோ, பல நாட்டு மரபினரையும் தொடக்கத்திலேயே ஒன்றுகூட்டியது. டென்மார்க்கின் அடலீன் ஜெனேயும் இரசியாவின் கர்சாவினாவும் அதனை நிறுவியவருள் அடங்குவர்.

இம்மூன்று முறைகளிலும் பாத நிலைகள் ஐந்தே. கை நிலைகளிலேதான் வேறுபாடு பெரிதாகின்றது. ஆசிரியர் "முதலாம் நிலை" என்றதும் செக்கெட்டியின் மாணவர் கைகளை உடலின் இருபுறமும் தாழ்த்துவர். வாகனோவாவின் மாணவரும் இலண்டன் கழகத்தின் மாணவரும் அவற்றை வளைத்து மார்பின்கீழ் முன்னே நிறுத்துவர். கைகளைத் தலைக்குமேல் வளைத்துயர்த்தும் நிலை வாகனோவாவுக்கு மூன்றாவது, ஏனையிருவர்க்கும் ஐந்தாவது. ஒரு காலில் நின்று மற்றதைப் பின்னே நீட்டும் 'அராபெஸ்க்' செக்கெட்டிக்கு ஐந்து வகை, வாகனோவாவுக்கு நான்கு, இலண்டன் கழகத்துக்கு மூன்று. அரங்கின் திசைகளை எண்ணுங்கால், வாகனோவா அவையோரை நேர்நோக்கும் திசையை ஒன்றெனக் கொண்டு வலஞ்சுழியாக எட்டுவரை எண்ணுவார். செக்கெட்டியோ நான்கு மூலைகளையும் முதலில் எண்ணிப் பின்னரே சுவர்களை எண்ணுவார்.

இவ்வேறுபாடு வெறும் முரண்பாடன்று. கைகளின் எண்ணைப் பாதங்களின் எண்ணோடு இணைப்பது செக்கெட்டியின் கருத்து. அவர் முறையிற் கைகள் நெருங்கி வட்டமாக அடைவுறும் நிலைகள் தாழினும் முன்னிற்பினும் உயரினும் ஐந்தாம் நிலையே; பாதங்கள் அடைவுறும் நிலையும் ஐந்தாவதன்றோ? வாகனோவாவோ கைகள் இயங்கும் வழியை நோக்கினார். முன், பக்கம், மேல் என மூன்றே அடிப்படை. ஏனைய யாவும் அவற்றின் விகற்பங்கள் என்றார். ஒருவர் வடிவத்தை எண்ணினார். மற்றவர் இயக்கத்தை எண்ணினார். இதனை அறியாது ஒரு பள்ளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் மாணவர், கற்றதை மறந்தவர்போற் றோன்றுவர்; அறிந்த ஆசிரியர் அவரைப் பிழைபட்டவர் என்னார். பாதங்களின் ஐந்தும் முடிந்த முடிபல்ல. பாதங்களை முன்னோக்கி இணைத்து நிற்கும் ஆறாம் நிலையையும், அதனோடு ஏழாம் நிலையையும் பாரிசிற் செர்ஜ் லிபார் வகுத்துச் சேர்த்தார்.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. தொடை புறநோக்கத் தாழ்ந்து நிற்கும் அரைமண்டி பரதத்துக்குப் பொது. அடவுகளின் பெயரும் வகுப்பும் பாணிக்குப் பாணி வேறுபடும். செக்கெட்டியிடம் பயின்ற அன்னா பாவ்லோவாவின் நட்பினாற் பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவி, பின்னர்ப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பரதம் பயின்று, 1936இற் கலாசேத்திரம் கண்டமை அறிஞர் அறிவர். வேற்றுக் கலையொன்றின் ஒழுங்கை உணர்ந்தமை தம் நாட்டுக் கலையை நோக்க அவர்க்குத் தடையாகவில்லை.

பெயர் கலைக்குக் கருவி, கலையே அன்று. அக்கருவியை ஆக்கிய ஆசிரியர் எதனை எண்ணினார் என்பதை உணர்ந்து கற்பிப்பின், முறைகள் பலவாயினும் கற்பவர் கலங்குதற்கு இடமில்லை.