சால்ட்டரியுடன் கவிதை மொழிதல்

சால்ட்டரியுடன் கவிதை மொழிதல் என்பது, நடிகர்கள் செய்யுளைப் பாட்டாக்காமலும் உரைநடைபோல் வாசித்துவிடாமலும் பேசுவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் உருவான பயிற்சி முறையாகும். அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், ஆங்கில நடிகை புளோரன்ஸ் ஃபார் (1860–1917), இசைக்கருவிகள் செய்த ஆர்னால்ட் டோல்மெட்ச் ஆகியோர் இதனை வகுத்தனர்.

பின்னணி

இசையமைத்துப் பாடப்படும் கவிதையில் சொற்கள் காதில் விழுவதில்லை என்பது யேட்சின் குறை. இயல்பு நாடகங்களில் பழகிய நடிகர்களோ செய்யுளின் சந்தத்தை மறைத்துப் பேசினர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி தேடப்பட்டது. யேட்சுக்கு இசைச் சுருதிகளைப் பிரித்தறியும் செவி இல்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

முறை

சால்ட்டரி என்பது மடியில் வைத்து மீட்டும் சிறிய நரம்புக் கருவி. பேச்சுக் குரலின் எல்லைக்குள் அமையும் அரைச்சுரங்கள் அனைத்தும் ஒலிக்குமாறு ஃபாருக்காக டோல்மெட்ச் ஒன்றைச் செய்து தந்தார். கவிதையை முதலில் இயல்பாகச் சொல்லிப் பார்த்து, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கருவியில் கண்டறிந்து, வரிகளின் மேல் சுரங்களாகக் குறித்துக்கொள்வர். பின்னர் அக்குறிப்பின்படியே பயிற்சி நடைபெறும். ஆகவே இங்கு மெட்டு பேச்சிலிருந்து பிறக்கிறது. தாளமும் செய்யுளின் சந்தமே. எந்த உயிரொலியையும் செயற்கையாக நீட்டக் கூடாது, எந்தச் சொல்லும் வெறும் சுரமாகிவிடக் கூடாது என்பது யேட்சின் நிபந்தனை.

சிக்கலும் இதில்தான் உள்ளது. பாடும் குரல் ஒரு சுரத்தில் நிலைத்து நிற்கும்; பேசும் குரல் நில்லாமல் வழுக்கிச் செல்லும். குரலின் சுருதியை வரைந்து காட்டும் மென்பொருளில் ஒரு சாதாரண வாக்கியத்தைப் பதிந்து பார்த்தால், கோடு படிக்கட்டாக அன்றி வளைவுகளாகவே வருவதைக் காணலாம். அரைச்சுரக் குறிப்பு அவ்வளைவின் சில புள்ளிகளையே பிடிக்கும். எஞ்சியதை ஆசிரியர் வாயிலாகக் கேட்டே கற்க வேண்டும்.

பயன்பாடும் எதிர்ப்பும்

1902இல் யேட்ஸ் இம்முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1904இல் யூரிப்பிடீசின் இப்போலிட்டசு நாடகம், கில்பர்ட் மரேயின் மொழிபெயர்ப்பில் இலண்டனில் மேடையேறியபோது, அதன் குழுப்பாடல்களுக்கு ஃபார் பயிற்சியளித்தார். பலர் ஒரே குரலாகப் பேசவேண்டிய இத்தகைய இடங்களில் எழுதி வைத்த சுருதி மிகவும் உதவும். பெர்னார்ட் ஷா இதனை ஏற்கவில்லை. இராகமிட்டு இழுப்பதாகவே அவருக்குப்பட்டது. ஃபார் தம் அனுபவங்களை 1909இல் 'பேச்சின் இசை' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார்.

1912இல் இலங்கை சென்ற ஃபார், யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய இராமநாதன் மகளிர் கல்லூரியின் முதல் அதிபராகப் பணியாற்றினார். 1917 ஏப்ரலில் கொழும்பில் காலமானார்.