கரண்டி போன வழி

பிரசவ வார்டில் எஃகுத் தட்டில் கிடக்கும் கருவி அது. இரு முனையிலும் வாத்தின் அலகு போல வளைந்த தகடு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டையும் சேர்க்கும் பிடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம். நம் ஊர் மருத்துவ மாணவர்களும் நர்ஸிங் மாணவிகளும் ‘சிம்ஸ் ஸ்பெகுலம்’ என்று மனப்பாடம் செய்கிற இந்தக் கருவி, பிறந்தபோது வெறும் கரண்டி.

ஆண்டு 1845. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி என்ற ஊர். மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் கடையில் அந்தக் கரண்டியை வாங்கினார். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதே, ஏறக்குறைய அந்த உலோகம்தான், லேசாக வளையும். காம்பை வளைத்து, மண்டியிட்டுக் குனிந்திருந்த பெட்சி என்ற அடிமைப் பெண்ணைப் பரிசோதித்தார். அதுவரை சரியாகக் கண்ணில் படாத ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.

அந்த ஓட்டைதான் பேறுகால ஃபிஸ்டுலா. பிரசவ வலி எடுத்து இரண்டு நாள், மூன்று நாள் ஆகியும் குழந்தை வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது. அதன் தலை, தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு வைத்து நசுக்குகிறது. நசுங்கிய சதைக்கு ரத்தம் போகாது, செத்து உதிரும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய்க்கு மிஞ்சுவது, இரவும் பகலும் நிற்காமல் ஒழுகும் சிறுநீர். சிலருக்கு மலமும். ஒழுகலுக்கும் நாற்றத்துக்கும் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அதனால் சிறுநீர் இன்னும் கடுத்துத் தொடையைப் புண்ணாக்குகிறது. புருஷன் விட்டுப் போகிறான், ஊர் ஒதுக்குகிறது.

பெட்சியோடு இன்னும் இரண்டு பெயர்கள் பதிவாகியுள்ளன: லூசி, அனார்கா. மூவரும் 17, 18 வயதுப் பெண்கள். பெயரே பதிவாகாத வேறு சிலரும் உண்டு. சிம்ஸ் சம்மதம் வாங்கியது அவர்களின் எஜமானர்களிடம். அந்தப் பெண்கள் தாங்களே விரும்பி வந்ததாக அவர் எழுதி வைத்தார். அவர்கள் சொன்ன ஒரு சொல்கூட நமக்குக் கிடைக்கவில்லை. முதல் அறுவை லூசிக்கு. மயக்க மருந்து கிடையாது. பல டாக்டர்கள் சுற்றி நின்று பார்க்க, ஒரு மணி நேரம் மண்டியிட்டபடி தாங்கினாள். பிறகு சிறுநீர்ப்பையில் வைத்த பஞ்சால் நஞ்சேறிச் சாவைத் தொட்டுவிட்டு மீண்டாள். தோல்விகள் தொடரவே உதவிக்கு வந்த டாக்டர்கள் நின்றுவிட்டார்கள். அதன்பின் அறுவையின்போது பக்கத்தில் நின்று உதவியவர்கள் இந்தப் பெண்களே. ஒருத்தியின் உடல் மேசையில், இன்னொருத்தியின் கை கருவியில். பட்டு நூலை விட்டு வெள்ளிக் கம்பியால் தைத்தபோதுதான், 1849-இல், அனார்காவின் ஓட்டை மூடியது. அது அவளுக்கு 30-வது அறுவை.

கரண்டி அதன்பின் எஃகாகி, சிம்ஸின் பெயரைத் தாங்கிப் புறப்பட்டது. 1855-இல் அவர் நியூயார்க்கில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். சிசேரியனும் தேர்ந்த பிரசவக் கவனிப்பும் பரவப் பரவ, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய் அநேகமாக மறைந்தேபோனது. அந்த மருத்துவமனை பின்னாளில் இருந்த இடத்தில் இன்று நிற்பது வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்.

நோய் தீர்ந்துவிடவில்லை. சாலையும் டாக்டரும் எட்டாத ஊர்களில் அப்படியே இருந்தது. 1959-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற டாக்டர் தம்பதி எத்தியோப்பியாவுக்கு வந்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஆயுள் முழுக்க அங்கேயே தங்கிவிட்டார்கள். 1974-இல் அடிஸ் அபாபாவில் ஃபிஸ்டுலாவுக்கென்றே மருத்துவமனை திறந்தார்கள். குணமாகிப் போகும் பெண்ணுக்குப் புதுத் துணி உடுத்தி அனுப்புவது அங்கே வழக்கம். எத்தனை மருந்து கொடுத்தாலும் அந்தத் துணிக்கு ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பல ஆண்டுகளாக நனைந்தே இருந்த உடம்பல்லவா.

அந்த மருத்துவமனை திறப்பதற்கு முன்பே, ஹாம்லின் தம்பதியிடம் மாமிட்டு கஷே என்ற பெண் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் போகாதவர், பதின்ம வயதில் நான்கு நாள் பிரசவ வேதனையில் குழந்தையை இழந்தவர். சிகிச்சைக்குப் பிறகு அவர்களோடேயே தங்கி, படுக்கை விரித்தார், கருவி எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள் கத்தியும் அவர் கைக்கு வந்தது. அறுவை செய்யக் கற்று, படித்த டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். மான்ட்கோமரியில் அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத இடம் அது.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஓரத்தில் நின்ற சிம்ஸின் சிலையை 2018-இல் அகற்றினார்கள். 2021-இல் மான்ட்கோமரியில் அனார்கா, பெட்சி, லூசி மூவருக்கும் சிலை எழும்பியது.

இன்னமும் ஆண்டுதோறும் 50,000 முதல் 1,00,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த ஸ்பெகுலமும் அதைத் தடுக்காது. தடுப்பது நேரத்துக்கு வந்து சேரும் மருத்துவச்சியும் வண்டியும் சிசேரியனும்தான். வகுப்பில் இந்தக் கருவியைத் தூக்கிக் காட்டும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிம்ஸின் பெயரைச் சொல்லும்போது, அனார்கா, பெட்சி, லூசி என்ற பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.